பெஞ்சில் உட்கார்ந்த 109 ஹோம் ரன்: 2018 வேர்ல்டு சீரிஸ் தோல்வியும் ஒரு ரசிகரின் நோட்டும்

பின்னணி

லாஸ் ஏஞ்சலஸ் புறநகர் ஒன்றில் என் பக்கத்து வீட்டுக்காரர் இவர். அறுபதைத் தாண்டியவர். டாட்ஜர்ஸ் என்ற உள்ளூர் பேஸ்பால் அணியின் ஆட்டம் எதையும் வெறுமனே பார்க்க மாட்டார், பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து எழுதுவார். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம். ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டு அவுட் ஆனால், 'கே'. பேட்டைச் சுழற்றாமல் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே 'கே' கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். வானொலியில் வின் ஸ்கல்லியின் வர்ணனையைக் கேட்டு அம்மா எழுதுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். பெயர் போடாமல் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார்.

2018 அக்டோபரில் அவர் மனநிலை எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும். டாட்ஜர்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1988-ல். 2017-ல் வேர்ல்டு சீரிஸின், அதாவது நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை என்ற இறுதித் தொடரின், ஏழாவது ஆட்டம் வரை போய், சொந்த மைதானத்தில் ஹியூஸ்டனிடம் 5-1 என்று தோற்றார்கள். 2018 சீசன் தொடக்கமும் மோசம், முதல் 42 ஆட்டங்களில் 26 தோல்வி. அப்புறம் மெல்ல ஏறி வந்து, 162 ஆட்டங்களின் முடிவில் கொலராடோவோடு சமநிலையில் நின்று, 163-வதாக ஒரு ஆட்டம் ஆடித்தான் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். பிளேஆஃபில் அட்லாண்டாவை நான்கு ஆட்டத்திலும் மில்வாக்கியை ஏழு ஆட்டத்திலும் கழித்துவிட்டு இறுதிக்கு வந்தார்கள். எதிரே 108 வெற்றிகளோடு பாஸ்டன் ரெட் சாக்ஸ்.

நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். ஹோம் ரன் நம் சிக்ஸர் மாதிரி: பந்து மதிலைத் தாண்டும், அடித்தவரும் அப்போது பேஸில் நிற்பவர்களும் ரன் எடுப்பார்கள். அந்த சீசனில் டாட்ஜர்ஸ் அடித்த 235 ஹோம் ரன் அந்த அணிக்கே அதுவரை இல்லாத எண்ணிக்கை. மேக்ஸ் மன்சி 35, கோடி பெல்லிஞ்சர் 25, ஜாக் பீடர்சன் 25, யஸ்மானி கிராண்டல் 24. இந்த நால்வரின் கூட்டுத்தொகை 109. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவு முழுக்க அதைச் சுற்றித்தான் போகிறது.

இடக்கை, வலக்கை

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். வலக்கை பேட்டருக்கு லெக் ஸ்பின் விலகிப் போவது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே தொல்லைதான். இடக்கை பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் ஸ்லைடர் என்ற வளையும் பந்து, இடக்கை பேட்டரை விட்டு விலகிப் போகும். பந்து கையைவிட்டுக் கிளம்புவதும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோலத் தெரியும். எதிர்க்கை பேட்டருக்கு அதே பந்து உள்ளே வரும், கண்ணுக்கும் சீக்கிரம் சிக்கும். அதனால் எதிரணியின் பிட்சர் இடக்கை என்றால் வலக்கை பேட்டர்களை இறக்குவது மேனேஜர்களின் பழைய வழக்கம். வழக்கமான கிரிக்கெட்டில் இல்லாத ஒரு விதியும் இதில் சேர்கிறது. மாற்று ஆட்டக்காரரை ஆட்டத்தின் நடுவில் இறக்கலாம், ஆனால் வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. ஆகவே பெஞ்சில் யாரை மிச்சம் வைப்பது என்பதும் பேட்டிங் வரிசை போடுவதில் பாதி வேலை.

டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அந்த சீசன் முழுக்க இப்படித்தான் ஆளை மாற்றி மாற்றி இறக்கினார். பாஸ்டனின் தொடக்க பிட்சர்களில் கிறிஸ் சேல், டேவிட் பிரைஸ், எடுவார்டோ ரோட்ரிகேஸ் மூவரும் இடக்கை. ஐந்து ஆட்டங்களில் நான்கை இவர்கள்தான் தொடங்கினார்கள். ரிக் போர்செலோ ஒருவர்தான் வலக்கை.

முதல் இரண்டு ஆட்டங்கள்

அக்டோபர் 23, ஃபென்வே பார்க், நல்ல குளிர். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு பேட்டிங் வரிசை வெளியானது. ஒன்பது பேரும் வலக்கை. முதலில் இறங்குபவர் பிரையன் டோசியர், ஜூலை கடைசியில் அணிக்கு வந்து டாட்ஜர்ஸுக்காக .182 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 182 ஹிட், குறைவுதான்) வைத்திருந்தவர். மேலே சொன்ன நால்வரும் பெஞ்சில். பெல்லிஞ்சர் மூன்று நாளுக்கு முன்புதான் மில்வாக்கி தொடரின் நாயகன் விருதை வாங்கியவர்.

என் நண்பர் அன்று பென்சிலைச் சீவிக்கொண்டே பெயர்களை எழுதினார். பக்கத்தின் ஓரத்தில் '109' என்று போட்டு இரண்டு முறை வட்டமிட்டார். ஆட்டம் தொடங்கும் முன்பு அவர் எழுதியது அவ்வளவுதான். இது பின்னால் முக்கியமாகிறது.

முதல் ஆட்டம் 8-4, இரண்டாவது 4-2, இரண்டும் பாஸ்டனுக்கு. இரண்டாவது ஆட்டத்தில் நான்காவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 2-1 என்று முன்னே போனார்கள். அதற்குப் பிறகு வந்த 16 பேட்டர்களும் வரிசையாக அவுட். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. நோட்டில் அந்தப் பகுதி முழுக்க ஒரே மாதிரியான கட்டங்கள்.

வியாழக்கிழமை காலை: அவர் எடுத்த நிலை

மறுநாள் ஆட்டம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு ஆரம்பித்தார். குற்றச்சாட்டு மூன்று. வருடம் முழுக்க ஹோம் ரன் அடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களை இறுதியில் உட்கார வைக்கலாமா? சூடாக இருக்கும் பெல்லிஞ்சரை ஒரு காகிதக் கணக்குக்காக ஆற விடலாமா? .182 அடிப்பவருக்கு மன்சியைவிட அதிக வாய்ப்பு ஏன்?

நான் அப்போது செய்த முடிவு சரியில்லை. இடக்கை, வலக்கை கணக்கையும் பெல்லிஞ்சர் அந்த சீசனில் இடக்கை பிட்சர்களிடம் திணறியதையும் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், குழாயைத் திறந்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. துக்க வீட்டில் ஆஸ்பத்திரி பில்லைச் சரிபார்த்தவன் கதைதான் என்னுடையது.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். அன்று இரவே தன் வரிசையை எழுதி வைத்தார். மன்சி முதலிடம், பெல்லிஞ்சர் ஐந்தாவது, பீடர்சன் ஆறாவது, கிராண்டல் எட்டாவது. தேதியும் போட்டார். வாயால் சொல்வது மறுவாரம் வேறு மாதிரி நினைவில் இருக்கும். காகிதத்தில் எழுதியது அப்படி மாறாது.

மூன்றாம் ஆட்டம்

வெள்ளிக்கிழமை லாஸ் ஏஞ்சலஸில். போர்செலோ வலக்கை என்பதால் இடக்கை பேட்டர்கள் வரிசைக்குத் திரும்பினார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் பீடர்சன் ஹோம் ரன். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை, ஆட்டம் நீண்டது. பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டனின் இயன் கின்ஸ்லர் ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்கு (கடைசி பேஸுக்கு) ஓடி வர, சென்டர் ஃபீல்டிலிருந்து பெல்லிஞ்சர் எறிந்த பந்து அவரை அவுட்டாக்கியது. ஆட்டம் 18 இன்னிங்ஸ், 7 மணி 20 நிமிடம் இழுத்தது. வேர்ல்டு சீரிஸில் அவ்வளவு நீண்ட ஆட்டம் அதற்கு முன் நடந்ததில்லை. நோட்டின் பக்கம் அதற்குப் போதவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, முந்தைய பக்கத்திலிருந்து பெயர்களுக்கு நேராகக் கோடிழுத்து எழுதியிருக்கிறார். நள்ளிரவு தாண்டி, 18-வது இன்னிங்ஸில் பாஸ்டனின் நேதன் யோவால்டி வீசிய பந்தை மன்சி இடப்பக்க மதிலுக்கு அப்பால் அனுப்பியதோடு முடிந்தது. 3-2.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கதவைத் தட்டினார். பீடர்சன், மன்சி, பெல்லிஞ்சர். பெஞ்சில் கிடந்த மூவரும்தான் ஜெயித்துக் கொடுத்தார்கள். தன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது, நானும் ஒத்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் தவறிய இடம் இதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான்காம், ஐந்தாம் ஆட்டம்

சனிக்கிழமை டாட்ஜர்ஸின் ரிச் ஹில் ஒரே ஒரு ஹிட் கொடுத்து ஏழாவது இன்னிங்ஸ் வரை வீசினார். யசியேல் புயிக் ரோட்ரிகேஸை மூன்று ரன் ஹோம் ரன் அடித்ததில் 4-0. ஏழாவதில் ஒரு அவுட்டுக்குப் பிறகு ராபர்ட்ஸ் ஹில்லை எடுத்தார். அடுத்து வந்த பிட்சர் வாக் கொடுத்தார், அதாவது பேட்டரை அடிக்காமலே முதல் பேஸுக்குப் போக விட்டார். அதற்கடுத்து ரையன் மேட்சன். பாஸ்டன் மேனேஜர் அலெக்ஸ் கோரா மாற்று பேட்டராக மிட்ச் மோர்லேண்டை அனுப்பினார். மூன்று ரன் ஹோம் ரன். எட்டாவதில் ஸ்டீவ் பியர்ஸ் கென்லி ஜான்சனை அடித்துச் சமன் செய்தார். முடிவில் 9-6, பாஸ்டனுக்கு.

ஞாயிறு 5-1. பியர்ஸ் இரண்டு ஹோம் ரன், தொடர் நாயகன். பாஸ்டன் கோப்பையை டாட்ஜர் ஸ்டேடியத்திலேயே தூக்கியது.

நோட்டைத் திரும்பப் படித்தது

இரண்டு வாரம் அந்த நோட்டு டிவிக்கு மேலேயே கிடந்தது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். சமையலறை மேஜையில் விரித்து, ஐந்து ஆட்டங்களையும் ஆரம்பத்திலிருந்து படித்தோம். இந்த முறை என் கணக்கு எதையும் நான் சொல்லவில்லை. அவர் கையெழுத்தில் இருந்தது மட்டும்தான் சாட்சி.

முதலில் விழுந்தது 109. கிராண்டல் இடக்கை பேட்டர் அல்ல, இரு பக்கமும் நின்று அடிப்பவர். அவர் உட்கார்ந்ததற்கும் சேலுக்கும் சம்பந்தமில்லை. மில்வாக்கி தொடரில் கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் போல) பந்தைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டு, சொந்த மைதானத்திலேயே கூச்சல் வாங்கியதால் ஆஸ்டின் பார்ன்ஸ் உள்ளே வந்தார். கூச்சல் போட்டவர்களில் தானும் ஒருவன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அப்படியானால் 24-ஐக் கழிக்க வேண்டும், மிச்சம் 85.

அப்புறம் மூன்றாம் ஆட்டம். பீடர்சன் அடித்தது யாரை? போர்செலோ, வலக்கை. மன்சி அடித்தது யாரை? யோவால்டி, வலக்கை. தன் வாதத்துக்குச் சான்று என்று அவர் கதவைத் தட்டிக் கொண்டுவந்தது, உண்மையில் ராபர்ட்ஸின் கணக்குக்குத்தான் சான்று. இது அவர் வாயிலிருந்தே வந்தது. பென்சிலை எடுத்து மற்ற ஹோம் ரன்களையும் அடிக்கோடிட்டார். தொடரில் டாட்ஜர்ஸ் அடித்தது மொத்தம் ஆறு. மேட் கெம்ப் சேலை, புயிக் ரோட்ரிகேஸை, டேவிட் ஃப்ரீஸ் பிரைஸை. இவை வலக்கை பேட்டர்கள் இடக்கை பிட்சர்களை அடித்தவை. பீடர்சன், மன்சி இருவரும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரே கையாக அமைந்தது ஒன்றுதான், கிரேக் கிம்ப்ரலை என்ரீக்கே ஹெர்னாண்டஸ் அடித்தது. ஆறில் ஐந்து, காகிதக் கணக்கு சொன்ன பக்கத்திலேயே விழுந்திருக்கிறது.

ஆறு என்பது சின்ன எண் என்று நான் இடைமறித்தேன். அவருக்கும் அது தெரியும். ஐந்து ஆட்டத்தை வைத்து எந்தக் கணக்கையும் நிரூபிக்க முடியாது. ராபர்ட்ஸுக்கு ஆதரவாகவும் முடியாது, எதிராகவும் முடியாது.

இன்னொன்று முதல் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் இருந்தது. பாஸ்டனின் ரஃபேல் டெவர்ஸ் இடக்கை பேட்டர். அவருக்காக ராபர்ட்ஸ் இடக்கை பிட்சர் அலெக்ஸ் வுட்டைக் கொண்டுவந்தார். உடனே கோரா டெவர்ஸை உட்கார வைத்து வலக்கை எடுவார்டோ நூன்யேஸை அனுப்பினார். மூன்று ரன் ஹோம் ரன், அத்தோடு ஆட்டம் போயிற்று. நான்காம் ஆட்டத்தில் மேட்சன் வலக்கை, மோர்லேண்ட் இடக்கை. அதே கணக்குதான். ஒரு பக்கம் சாமர்த்தியம் என்று பெயர் வாங்கியது, மறுபக்கம் பிடிவாதம் என்று திட்டு வாங்கியது. தொடர் முழுக்க 'காகிதத்தைப் பார்த்து ஆடுகிறார்' என்று ராபர்ட்ஸைக் குறை சொன்னவர், கோராவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முறைகூட அப்படி எழுதவில்லை.

கடைசியாக மேட்சன். நோட்டில் பிட்சர்களுக்கான வரிசை பக்கத்தின் அடியில் இருக்கும், அதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. முதல் ஆட்டத்தில் கிளேட்டன் கெர்ஷா விட்டுச்சென்ற இரண்டு பேர் பேஸில் நிற்க மேட்சன் வந்தார், இருவரும் ரன் எடுத்தார்கள். இரண்டாவதில் ஐந்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸும் நிறைந்திருக்க வந்தார், மூவரும் ரன் எடுத்தார்கள். டாட்ஜர்ஸின் 2-1 அங்கேதான் 4-2 ஆனது. நான்காவதில் இரண்டு பேர், இருவரும் மோர்லேண்டின் ஹோம் ரன்னில். ஏழு பேரைச் சுமந்து வந்து ஏழு பேரையும் விட்டிருக்கிறார். அந்த மூன்று ஆட்டமுமே தோல்வி.

நண்பர் அந்த ஏழு கட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு கேட்டார்: "இத்தனை நாளும் நான் ஏன் பேட்டர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்?"

பேட்டிங் வரிசை ஆட்டத்துக்கு முன்பே ஒன்பது பெயராகக் கையில் கிடைக்கிறது, நம் வரிசையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஐந்தாவது இன்னிங்ஸில் யாரை அழைப்பது என்பதை அப்படி முன்கூட்டி ஒப்பிட முடியாது. கோபத்துக்கு ஒரு பிடி வேண்டும், காகிதம் அந்தப் பிடியைக் கொடுத்தது. இது என் கருத்து. அவருக்கு இதில் பாதிதான் சம்மதம்.

அவர் விட்டுக்கொடுக்காதது

எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எழுதினால் பொய்யாகும். பீடர்சன் விஷயத்தில் ராபர்ட்ஸ் சரி, கிராண்டல் விஷயத்திலும் சரி என்றார். மன்சியைவிட டோசியர் என்பதை மட்டும் ஏற்கவில்லை. இடக்கை, வலக்கை என்பது எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தும் விதி அல்ல, ஆளுக்கு ஆள் மாறும். .182 அடிப்பவரின் சரியான கையைவிட 35 ஹோம் ரன் அடித்தவரின் தவறான கை மேல் என்பது அவர் வாதம். இதில் நான் அவர் பக்கம். தொடர் முழுவதும் அணியின் சராசரி .180-தான், ஐந்து ஆட்டத்தில் 16 ரன். பாஸ்டன் 28. இப்படி அடித்த அணியின் வரிசையைக் கேள்வி கேட்பது ஒன்றும் அபத்தமில்லை.

பின்னர் நடந்தது

டிசம்பரில் ராபர்ட்ஸுக்கு 2022 வரை புது ஒப்பந்தம் கிடைத்தது. 2019-ல் டாட்ஜர்ஸ் 106 ஆட்டம் ஜெயித்தார்கள். பெல்லிஞ்சர் இடக்கை பிட்சர்களுக்கு எதிராகவும் விடாமல் ஆடி 47 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். "பார்த்தாயா?" என்றார் நண்பர். பீடர்சன் அதே வருடம் 36 அடித்தார், முப்பத்தாறும் வலக்கை பிட்சர்களிடம். "சரி, அதையும் பார்த்தேன்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். அந்த அக்டோபரில் வாஷிங்டனிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள். பத்தாவது இன்னிங்ஸில் நான்கு ரன் ஹோம் ரன் கொடுத்தவர் ஜோ கெல்லி. 2018-ல் பாஸ்டனுக்காக இவர்களைச் சுருட்டியவர்களில் ஒருவர்.

என்ன மாற்றிக்கொண்டோம்

நோட்டில் இப்போது ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்துக்கும் முதல் பந்துக்கு முன்பே தன் வரிசையையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதுகிறார். பிட்சரை மாற்றும்போது மேனேஜர் மைதானத்துக்குள் நடந்து வரும் அந்த அரை நிமிடத்தில், 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு சொல். ஆட்டம் முடிந்த பிறகு எதையும் அழிப்பதில்லை. அழிப்பானை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டதாகச் சொல்வார், அது கொஞ்சம் மிகை.

நான் மாற்றிக்கொண்டது, தோற்ற மறுநாள் வாயைத் திறப்பதில்லை. 2018-ல் அந்த வியாழக்கிழமை பேசாமல் இருந்திருந்தால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

2020 அக்டோபர் 27, வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்து, 9 ஸ்ட்ரைக் அவுட், 1-0 என்று முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் இரண்டாவது ஹிட் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் எழுந்து வந்தார். அடுத்து நிற்பவர் மூக்கி பெட்ஸ், 2018-ல் பாஸ்டன் பக்கம் ஆடியவர், இப்போது டாட்ஜர். மூன்றாவது முறையாக ஒரே பிட்சரைச் சந்திக்கும் பேட்டர் மேலும் நன்றாக அடிப்பார் என்பது கேஷின் கணக்கு. நண்பர் பென்சிலை எடுத்து 'வேண்டும், எடு, எடு' என்று எழுதினார், கொட்டை எழுத்தில். ஸ்னெல் போனார், பெட்ஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்தார், முடிவில் 3-1. 32 வருடத்துக்குப் பிறகு கோப்பை.

மறுநாள் காலை வேலியருகே நின்றோம். இரவெல்லாம் பட்டாசு, இரண்டு பேருக்குமே தூக்கமில்லை.

"டாம்பாவில் இன்றைக்கு ஒருத்தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்" என்றார். "நீ அவனுக்கு ஃபோன் பண்ணிக் கணக்கு எதுவும் சொல்லிவிடாதே."